புத்தகம் போடணும்க்கா, என்ன பண்ணணும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வடசென்னை, தண்டையார்பேட்டை. பாரிமுனையில், லிங்கிச் செட்டித் தெருவில், ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி என்று நாள் முழுக்க அடுத்தவர் சரக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். என் சொந்தச் சரக்கை, அதாவது முதல் கதையை, எழுதியது 2009-இல். பன்னிரண்டு கதைகள் சேர்ந்து புத்தகமாக வந்தது 2022 டிசம்பரில். நடுவில் பதின்மூன்று வருஷம். அதில் ஐந்தாறு வருஷம் நிஜமாகவே எழுதிப் பழகுவதற்குப் போனது. மீதி எங்கே போனது என்றால், யாரிடம் கேட்பது என்று தெரியாமலும், தெரிந்த பிறகு கேட்கக் கூச்சப்பட்டும், கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துமே போனது. இப்போது ஏரியாப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே பதிலை முப்பது தடவை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியாயிற்று. தொண்டை வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன்.

எழுத்தாளர் ஆக என்ன படித்திருக்க வேண்டும்?

நான் அஞ்சல் வழியில் பி.காம். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு, யார் யாரைப் படிக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிடுவார். எனக்கு அதைச் சொன்னது பழைய புத்தகக் கடைதான். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோன பிறகு அந்தக் கடைக்காரர்கள் சென்ட்ரல் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். அங்கே அட்டை கிழிந்த புத்தகங்களைக் கிலோ கணக்கில் கட்டி வைத்திருப்பார்கள், கட்டைப் பிரிக்கச் சொன்னால் முறைப்பார்கள், இருந்தாலும் பிரிப்பார்கள்.

வேலைக்கும் போய்க்கொண்டு எப்போதுதான் எழுதுவது?

எனக்கு ரயில். தண்டையார்பேட்டையில் ஏறினால் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், அப்புறம் பீச். உட்கார இடம் கிடைத்தால் அரைப் பக்கம், கிடைக்காவிட்டால் நின்றபடி மண்டைக்குள் ஒரு வாக்கியம். ஆபீசில் கழித்துப்போட்ட பிரின்ட் அவுட்டின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். முதல் ஆறு கதைகளின் முன்பக்கத்தைத் திருப்பினால் கொரியாவிலிருந்து வந்த பால்பேரிங் கணக்கு இருக்கும். இந்தப் பழக்கத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இரண்டு கதைகள் கூழாகிப் போய்விட்டன. ஒன்றை மறுபடி எழுதினேன், இன்னொன்று திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து எழுதிய அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து எனக்கு நானே மெயில் அனுப்பிக்கொள்கிறேன்.

நம்ம ஊர்ப் பேச்சில் எழுதலாமா? யாராவது மதிப்பார்களா?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், நான் அதிகமாகச் சொதப்பியதும் இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2009-இல் எழுதிய முதல் கதை காசிமேட்டு மீன் ஏலத்தில் நடக்கிறது. அம்மா முப்பது வருஷம் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனவள். அந்த இடம் எனக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. ஆனால் என் கதையில் மீன் வாங்க வருகிறவள் "பெரியம்மா, இன்று வஞ்சிரம் என்ன விலை ஆயிற்று?" என்று கேட்டாள். ஏன் அப்படி எழுதினேன் என்றால், நான் படித்த கதைகளில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். கதை என்றாலே காவிரிக்கரைப் பேச்சு என்று மனசுக்குள் பதிந்துவிட்டது. அந்தக் கதையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்து ஆசிரியர் ஒரு அஞ்சலட்டை போட்டார். இரண்டே வரி. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ராயபுரத்துக்காரர்கள் ஏன் தஞ்சாவூர் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தார். அந்த அட்டையைக் கோபத்தில் கிழித்துப் போட்டேன், இன்றைக்கும் அதை நினைத்து வருத்தம்.

சரி, இனி நம் பேச்சுதான் என்று இறங்கி, அடுத்த கதையில் வாக்கியத்துக்கு வாக்கியம் கீது, கஸ்மாலம், பேமானி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் காது கத்தி. பாதியிலேயே நிறுத்தி, "இன்னாடி இது, சினிமாக்காரன் மாரி பேசறாளுங்க. நாங்க எப்ப இப்டி பேசினோம்?" என்றாள். அவள் சொன்னது சரி. வெளியூர்க்காரன் நம்மைக் கிண்டல் பண்ணும்போது பேசுகிற மெட்ராஸ் பாஷையைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் பேசுவதை எழுதவில்லை.

அதோடு வடசென்னைப் பேச்சு என்று ஒரே ஒரு பேச்சு கிடையாது. காசிமேட்டுக் கடற்கரைப் பேச்சு ஒன்று, வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் பாட்டிகள் பேசுவது இன்னொன்று, மண்ணடி வேறு, வீட்டுக்குள் தெலுங்கு பேசிவிட்டு வாசலில் தமிழ் பேசுகிறவர்கள் வேறு. எல்லாருக்கும் ஒரே "இன்னா நைனா" மாட்டிவிட்டால் எல்லாரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.

இப்போது நான் செய்வது இது. கதை சொல்கிற பகுதி சாதாரண எழுத்துத் தமிழ். பேச்சில் உச்சரிப்பை எழுத்துக்கு எழுத்து பிடிக்க முயற்சி பண்ணுவதில்லை, பேசுகிறவருடைய எண்ணம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பார்ப்பேன். அந்த வஞ்சிரம் வாங்குகிறவள் கடைசியாகப் புத்தகத்தில் இப்படிப் பேசுகிறாள்: "அய்ய, இந்த வெலைக்கு நான் கடல்லயே போய் வாங்கிப்பேன்." ஒரு "அய்ய" போதும்.

கதையில் தகவல் பிழை வந்தால் பெரிய குற்றமா?

ஒரு கதையில் மே மாசக் கடைசியில் விசைப்படகு கரை திரும்புவதாக எழுதியிருந்தேன். எட்டு பேர் படித்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோதுதான், "மே மாசம் எவன்டி போட்ட எடுத்தான்?" என்றாள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கிழக்குக் கரை முழுக்க விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தடைக்காலத்தில் ஷெட்டில் வேலை இல்லாமல் நாங்கள் பட்ட பாடு தெரியாமலா? ஆனாலும் எழுதும்போது கதைக்கு வெயில் வேண்டும் என்று மே மாசத்தைப் போட்டுவிட்டேன். ஜூலைக்கு மாற்றினேன், மாற்றியதும் மழை, காற்று எல்லாம் வந்து கதையே வேறு மாதிரி ஆனது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள், அந்த வேலையைச் செய்கிற ஒருவர் காதில் விழும்படி படியுங்கள்.

முதல் கதையை எங்கே அனுப்புவது?

1965-இல் ஆரம்பித்த கணையாழி, அப்புறம் காலச்சுவடு, உயிர்மை போல இலக்கிய இதழ்கள் இருக்கின்றன, வார இதழ்கள் இருக்கின்றன, இணைய இதழ்கள் நிறைய வந்துவிட்டன. எதற்கு அனுப்புவதாக இருந்தாலும் முதலில் அதன் இரண்டு மூன்று இதழ்களையாவது படியுங்கள். நான் படிக்காமல் அனுப்பினேன். மூவாயிரம் வார்த்தைக் கதையை ஒரு பக்கக் கதை மட்டும் போடுகிற இடத்துக்கு அனுப்பிய புத்திசாலி நான்.

ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தட்டச்சு செய்யுங்கள். மெயிலில் நான்கு வரி போதும்: நீங்கள் யார், கதை எத்தனை வார்த்தை, வேறெங்கும் வரவில்லை என்ற உறுதி, போன் நம்பர். கதையின் கருத்தை விளக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பணிவாகக் கேட்கலாம். நான் கேட்கவே மாட்டேன், கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்து ஒரு கதையை இரண்டு வருஷம் காத்திருக்க வைத்தேன். கடைசியில் கேட்டபோது அந்த மெயிலே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது.

திருப்பி அனுப்பினால் மனசு உடைந்துவிடாதா?

உடையும். ஒரு பிளேட் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டால் பாதி சரியாகும். பீச் ஸ்டேஷன் எதிரில் கிடைக்கும்.

பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். கட்டலாமா?

என் முதல் புத்தகம் 2022-இல் வந்தது என்று மேலே சொன்னேன். முழு உண்மை அது இல்லை. 2013-இல் ஒரு கவிதைப் புத்தகம் வந்தது. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு விளம்பரம் பார்த்துப் போனேன். நல்ல ஏசி ரூம். கவிதைகளை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "மேடம், இது வரவேண்டிய புத்தகம்" என்றார்கள். அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. 28,000 ரூபாய், 200 பிரதி, எல்லாக் கடைகளிலும் கிடைக்கும், ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) உண்டு, விழா உண்டு. நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன். ஒப்பந்தம் கிடையாது, ஒரு துண்டு ரசீது. ஒரு கன்டெய்னர் சரக்குக்குக் காற்புள்ளி தப்பினால் பேப்பரைத் திருப்பி அனுப்புகிறவள் நான், என் சொந்த விஷயத்தில் ரசீதை மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து 40 பிரதி வந்தது. 47-ஆம் பக்கம் இரண்டு தடவை, 48 இல்லவே இல்லை. பின்னட்டையில் இருந்த ஐஎஸ்பிஎன்னை ஒருநாள் தேடிப் பார்த்தேன், அது வேறொரு சமையல் புத்தகத்துடைய எண். மீதி 160 பிரதி எங்கே என்று கேட்டதற்கு "கடைகளில் இருக்கிறது" என்றார்கள். எந்தக் கடை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாருங்கள், அங்கேயும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த 40-இல் ஏழெட்டைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். மீதியை அம்மா இரண்டு அடுக்காக வைத்து, ஈரம் ஏறாமல் இருக்க ரேஷன் அரிசி மூட்டைக்கு அடியில் போட்டாள். அந்த 2015 மழையில் மூட்டையும் போனது, கவிதையும் போனது, தமிழுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு நேர்மையாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சேவை, அதற்குக் கூலி, அதில் தப்பில்லை. ஆனால் அது பதிப்பகம் உங்களைத் தேர்ந்தெடுத்ததாக ஆகாது. கட்டுவதற்கு முன்னால் நான்கு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை பிரதி, எந்தத் தேதிக்குள், உரிமை யாருக்கு, விற்ற கணக்கு எப்போது வரும். "எழுத்தில் எதுக்கு மேடம், நம்பிக்கைதானே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் வாங்க எவ்வளவு ஆகும்?

ஒன்றும் ஆகாது. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகத் தருகிறது. பதிப்பகம் மட்டுமில்லை, தானே பதிப்பிக்கிற எழுத்தாளரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 2007-லிருந்து 13 இலக்கம். அந்த எண் உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறதா, அவர்கள் பெயரிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதிவில் பதிப்பாளர். எண் இருப்பதால் உரிமைக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ரேஷன் கார்டு நம்பர் மாதிரி, அடையாளத்துக்குத்தான்.

நானே போட்டு நானே விற்றால்?

கௌரவமான வேலைதான். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா புத்தகங்களையும் தானே போட்டு, பையில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். உங்களுக்கு அந்தத் தோள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. அச்சுக்காரர்கள் படிவத்தில் பேசுவார்கள், டெம்மி அளவில் ஒரு படிவம் என்றால் 16 பக்கம். 144 பக்கம் வந்தால் சரியாக ஒன்பது படிவம். 147 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு படிவம் ஓட்டி மீதியை வெள்ளையாக விட வேண்டும், இல்லாவிட்டால் முன்னுரையில் கத்தி வைக்க வேண்டும். நூறு இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல், தேவைக்கேற்ப அச்சடிப்பது. ஐந்நூறுக்கு மேல் போனால்தான் ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஆசைப்பட்டு ஆயிரம் அடித்தால் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டியதுதான், நம் வீட்டுக் கட்டில்களுக்கு அடியில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

விலை போடும்போது கடைக்காரர் கழிவை மறந்துவிடாதீர்கள். புத்தக விலை 180 ரூபாய், கடைக்கு 40 சதவீதம் என்றால் 72 போய் உங்களுக்கு 108. அச்சுக் கூலி, அட்டை வடிவமைப்பு, ஆட்டோ எல்லாம் அந்த 108-க்குள்தான்.

பதிப்பகத்தை எப்படி அணுகுவது? ஏஜென்ட் வேண்டுமா?

தமிழில் பொதுவாக ஏஜென்ட் என்கிற வழக்கமே இல்லை. நேராகத்தான் போக வேண்டும். எப்போது போவது என்பதுதான் முக்கியம். ஜனவரியில் புத்தகக் காட்சி, அதனால் அக்டோபர் வந்துவிட்டால் பதிப்பாளர்கள் யாருக்கும் தலை நிற்காது. பொங்கல் முடிந்து மூச்சு விட்ட பிறகு, பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் அனுப்புங்கள். அனுப்புகிற இடம் உங்கள் மாதிரிப் புத்தகம் போடுகிற இடம்தானா என்று முதலில் பாருங்கள். ஜோதிடப் புத்தகம் போடுகிறவரிடம் நான் சிறுகதையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாவம், மனுஷர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

2020 மார்ச்சில் ஒருவருக்கு அனுப்பினேன், உடனே ஊரடங்கு வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் சத்தமே இல்லை. நானாகவே போன் பண்ணினேன், இத்தனை வருஷத்தில் நானாகப் பண்ணிய முதல் போன் அதுதான். "அடடா, படிச்சேம்மா, எடுத்து வச்சிருக்கேன், சொல்ல மறந்துட்டேன்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அடிக்கலாம் போலவும் இருந்தது.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பதிப்புரிமைச் சட்டம், 1957. அதில் 19-ஆம் பிரிவை மட்டுமாவது ஒரு தடவை படியுங்கள். உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் சட்டம் 5 வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் அவர் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை வாரிசுகளுக்கு உண்டு, அதனால் "நிரந்தரமாக" என்ற வார்த்தையைப் பார்த்தால் உங்கள் பேரப்பிள்ளை முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த ஒப்பந்தத்தில் திரைப்படம், மொழிபெயர்ப்பு, ஒலிநூல் எல்லாம் ஒரே வரியில் பதிப்பகத்துக்கு என்று இருந்தது. எடுக்கச் சொல்லலாமா, சொன்னால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று மூன்று நாள் தூக்கமில்லை. நாலாவது நாள் கேட்டேன். "சரி, அடிச்சிடுங்க" என்றார், அவ்வளவுதான். பேனாவால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் இரண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டோம். அது அவர் எல்லாருக்கும் கொடுக்கிற பொதுவான படிவமாம், இதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

கதையை யாரிடமாவது காட்டினால் திருடிவிட மாட்டார்களா?

எழுதிய நிமிஷமே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. வேண்டுமானால் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டி ஆன்லைனில் பதியலாம், வழக்கு என்று வந்தால் சாட்சிக்கு உதவும். ஆனால் சட்டம் காப்பது நீங்கள் எழுதிய எழுத்தைத்தான், யோசனையை இல்லை. "ஒரு பாக்ஸர், அவனுக்கு ஒரு தங்கச்சி" என்பதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதனால் உதவி இயக்குநர் யாராவது டீக்கடையில் உட்கார்ந்து "வடசென்னையில் ஏதாவது லைன் இருந்தா சொல்லுங்கக்கா" என்றால் டீயைக் குடித்துவிட்டு, புத்தகம் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

மெய்ப்பு (ப்ரூஃப்) பார்ப்பது பதிப்பகத்தின் வேலைதானே?

உங்கள் வேலையும்தான். என் பழைய கதைகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஒருங்குறிக்கு மாற்றியபோது என்ன ஆனது தெரியுமா? ஒரு பாத்திரத்தின் பெயர் கௌசல்யா. 38 இடத்தில் "கெளசல்யா" என்று இருந்தது. பார்த்தால் தெரியாது, ஔகாரக் குறிக்குப் பதிலாக முழு ளகரம் உட்கார்ந்திருக்கிறது. கணினியில் "கௌசல்யா" என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது. இன்னொன்று, கால் போட வேண்டிய இடத்தில் ரகரம்: "வந்தரள்." ராத்திரி பதினோரு மணிக்குக் கண் அதை "வந்தாள்" என்றே படித்துக்கொண்டு போகும். ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் பார்த்தேன். கதை ஓடாது, எழுத்து மட்டும் தெரியும்.

அடுத்தது மெய்ப்புத் திருத்துநர். நல்ல மனிதர், கறாரான தமிழ். "கயிற இஸ்து புடி" என்பதைக் "கயிற்றை இழுத்துப் பிடி" ஆக்கிவிட்டார். நாஷ்டா சிற்றுண்டி ஆனது, பேஜார் தொல்லை ஆனது. நடுக்கடலில் வலை இழுக்கிறவன் "சிற்றுண்டி அருந்தினாயா" என்று கேட்கிற நிலைமை. சண்டை போடவில்லை. இந்தச் சொற்களைத் தொட வேண்டாம் என்று ஒரு பக்கப் பட்டியல் போட்டு, பக்கத்தில் ஏன் என்று எழுதி அனுப்பினேன். அவரே போன் பண்ணி, "'குந்து' பழைய நல்ல தமிழ்தான்மா, அதை நானே விட்டுடறேன்" என்றார். பட்டியலை முதலிலேயே அனுப்பியிருந்தால் அவருக்கும் மூன்று வாரம் மிச்சம்.

எவ்வளவு சம்பாதித்தீர்கள்?

முதல் வருஷம் 3,816 ரூபாய். ஒளிக்க ஒன்றுமில்லை, 180 ரூபாய் புத்தகம், 10 சதவீத ராயல்டி, பிரதிக்கு 18 ரூபாய், விற்றது 212. அடித்ததே 300தான். ஒரு காலத்தில் முதல் பதிப்பு என்றால் 1200 பிரதி என்பது வழக்கம், இப்போது முந்நூறைச் சொன்னாலே பதிப்பாளர் பெருமூச்சு விடுகிறார். வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று சொல்கிற தம்பி தங்கைகளுக்கு: வேலையை விடாதீர்கள்.

வெளியீட்டு விழா அவசியமா?

இல்லை. ஹால் வாடகை, பொன்னாடை, பேசுகிறவர்களுக்குக் கார் என்று போனால் ராயல்டியைப் போலப் பத்து மடங்கு போய்விடும். எங்கள் தெருக் கேரம் மன்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் போர்டுகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நடத்தினோம். சுண்டல், டீ, 61 பிரதி விற்றது. அம்மாவோடு ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா, படிக்கத் தெரியாது, இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணு அரிசி மூட்டைக்கு" என்றார். அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். 1977-இல் மவுன்ட் ரோடு மதரஸா பள்ளியில் ஆரம்பித்த புத்தகக் காட்சி, பபாசி (தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கம்) நடத்துகிறது. இப்போது தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நேராக நந்தனம். அரங்கில் நம் புத்தகம் அடுக்கின் மூன்றாவது தட்டில், முதுகு மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். யாரும் பார்க்காதபோது எடுத்து முன்னால் வைத்தேன். கடைப் பையன் பார்த்துவிட்டான், சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

தெரிந்தவர்களைக் கதையில் வைத்தால் சண்டை வராதா?

வந்தது. நான் யாரை நினைத்து எழுதினேனோ அவர் கண்டுபிடிக்கவே இல்லை. சம்பந்தமே இல்லாத எதிர் வீட்டு அண்ணி, வட்டிக்கு விடுகிற பெண் தான்தான் என்று நான்கு மாதம் பேசவில்லை. பெயர், தெரு, தொழில் மூன்றையும் மாற்றுங்கள். அதற்கு மேல் நம் கையில் இல்லை.

புத்தகம் நூலகத்துக்கு எப்படிப் போகும்?

1954-இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் எழும்பூர் கன்னிமாராவுக்கும், இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். நீங்களே பதிப்பாளர் என்றால் அது உங்கள் கடமை. அரசு நூலகக் கொள்முதல் வேறு விஷயம், அறிவிப்பு வரும்போது பதிப்பகம் விண்ணப்பிக்கும், கிடைத்தால் லாபம்.

கன்னிமாரா 1896-இல் திறந்தது. ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அங்கே போய் என் புத்தகத்தைக் கேட்டேன். "வந்திருக்கும்மா, இன்னும் பதிவு போடல, அடுத்த மாசம் வாங்க" என்றார்கள். எழுதினது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த மாசம் போகவும் இல்லை, போக வேண்டும்.

என் கதையைப் படித்துச் சொல்வீர்களா?

சொல்வேன். ஒரு தடவைக்கு ஒரு கதை, பத்துப் பக்கத்துக்குள், ஒருங்குறியில். ஒரு மாதம் ஆகும், தாண்டினால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். கவிதை மட்டும் வேண்டாம். அதில் எனக்கு எதுவும் தெரியாது என்பதை 2013-லேயே 28,000 ரூபாய் கட்டி நிரூபித்துவிட்டேன்.